தில்லியின் சிவப்புக் கோடு

இராமகிருஷ்ணபுரத்திலும் முனிர்க்காவிலும் குடியிருக்கும் நம்மவர், அங்கு ஒரு காலத்தில் கோதுமையும் கம்பும் விளைந்தன என்பதை எண்ணிப் பார்ப்பது அரிது. முனிர்க்கா அன்று ஜாட் உழவர்களின் ஊர்.

1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் குத்தகைதாரருக்கு விளைவில் ஐந்தில் இரண்டு பங்கை உறுதி செய்ததை நேயர்களுள் முதியோர் அறிவர். 1954இல் வந்த தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டம் அதனினும் ஒரு படி மேலே சென்றது. குத்தகைக்கு உழுதோருள் பலர் 'பூமிதார்' ஆயினர். அஃதாவது நிலத்துக்கே உரியவராயினர். தரிசும் குளமும் மேய்ச்சல் தரையும் கிராம சபையைச் சேர்ந்தன. விளைநிலத்தை வேறு காரியத்துக்குப் பயன்படுத்தும் பூமிதார் அதனை இழக்கவும் நேரிடும் என்று விதித்தனர்.

வியப்பு யாதெனில், இத்தடை அரசைக் கட்டுப்படுத்தவில்லை. 1894ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டம் கையில் இருந்தது. 1959 நவம்பரில் ஒரே அறிவிப்பில் சுமார் 34,000 ஏக்கர் குறிக்கப்பட்டது. முனிர்க்காவின் வயல்களும் குடியிருப்புகளுக்கும் கல்விக்கூடத்துக்குமாகப் படிப்படியாகப் போயின.

ஊர்நத்தம் மட்டும் எஞ்சிற்று. அதனை 1908இல் வருவாய்த்துறையார் வரைபடத்தில் சிவப்புக் கோடிட்டுப் பிரித்திருந்தனர். 'லால் டோரா' என்பது அதுவே. கோட்டினுள் கட்டட விதிகள் நெடுங்காலம் தளர்வாகவே இருந்தன. நிலமிழந்தோர் அங்கு மாடிமேல் மாடி எழுப்பினர். இழப்பீடு ஒருமுறை வந்து செலவாகிவிடும். வாடகையோ மாதந்தோறும் வரும். அவ்வாடகையைச் செலுத்தியோருள் பிழைப்புத் தேடி வந்த தமிழரும் உண்டு.