மின்காப்பிகளில் அயனி வழிப்படுத்தல்

மின்காப்பிப் பொருளில் அமைந்த மிக நுண்ணிய துளைகளின் வழியே, மின்னூட்டம் கொண்ட அணுக்களான அயனிகளைத் துளைச்சுவரின் மின்புலத்தைக் கொண்டே செலுத்துவது அயனி வழிப்படுத்தல் எனப்படும். உலோகச் சுவரில் படியும் மின்னூட்டம் அக்கணமே பரவிக் கரைந்துவிடும்; நெகிழியிலோ கண்ணாடியிலோ அது விழுந்த இடத்தில் நெடுநேரம் தங்குவதால், பின்வரும் அயனிகளுக்குச் சுவரே திசை காட்டுகிறது.

2002இல் பெர்லினைச் சேர்ந்த ஸ்டோல்ட்டர்ஃபோட் குழுவினர், தண்ணீர்ப் புட்டிகளுக்குப் பயன்படும் பாலியெஸ்டர் வகையின் மெல்லிய தாளில், சுமார் 100 நானோமீட்டர் விட்டமும் 10 மைக்ரோமீட்டர் நீளமும் உள்ள துளைகளை அமைத்து, ஏழு எலக்ட்ரான்களை இழந்த நியான் அயனிகளை அவற்றின்மேல் ஏவினர். தாளைப் பல பாகை சாய்த்துவைத்தும் அயனிகள் மறுபுறம் வெளிவந்தன; அவற்றுள் பெரும்பாலானவை தம் மின்னூட்டத்தையும் இழக்கவில்லை. முதலில் வந்தவை சுவரில் மோதி நேர்மின்னூட்டத்தைப் படியவைக்க, அத்திட்டு அடுத்து வந்தவற்றைச் சுவரைத் தொடவிடாமல் விலக்கியதே இதற்குக் காரணம்.

ஆய்வகத்தில் வெற்றிடத்தில் நிகழும் இவ்விளைவுக்கு நெருங்கிய உறவான ஒன்று, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலுக்குத் தெற்கே, ஆறுமுகநேரியை அடுத்த சாகுபுரத்தில் அன்றாடத் தொழிலாகவே நடைபெறுகிறது. பழைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்ததும் 1986 முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியதுமான இவ்வூரில், டி.சி.டபிள்யூ. நிறுவனம் உப்புக் கரைசலை மின்னாற்பகுத்துக் காஸ்டிக் சோடா என்னும் காரத்தைத் தயாரிக்கிறது. தொடக்கத்தில் பாதரசக் கலங்களில் இயங்கிய இவ்வாலை பின்னர் சவ்வுக் கலங்களுக்கு மாறியது. பாதரசக் கழிவின் கேட்டை எண்ணினால், நாடெங்கும் இம்மாற்றம் இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

இவ்வகைக் கலத்தின் உயிர்நாடி, 1960களில் டுபான்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய நாஃபியான் வகையைச் சேர்ந்த சவ்வாகும். டெஃப்ளான் போன்ற முதுகெலும்பில் எதிர்மின்னூட்டமுள்ள சல்போனேட் தொகுதிகள் தொங்கும் இச்சவ்வு நனையும்போது, சில நானோமீட்டர் அகலமுள்ள நீர்க்குமிழ்களும் அவற்றை இணைக்கும் சுமார் ஒரு நானோமீட்டர்க் கால்வாய்களும் உண்டாவதாக ஒரு மாதிரி கூறுகிறது. உள்ளமைப்பின் உண்மையான வடிவம் பற்றிய விவாதம் முடிந்தபாடில்லை. பெர்லின் சோதனையில் ஒரே வகை மின்னூட்டங்களுக்கு இடையிலான விலக்கம் வழிநடத்தியது. இங்கோ சுவரில் நிலையாகப் பதிந்த எதிர்மின்னூட்டம் சோடியத்தை ஈர்த்துக் கடத்தி, குளோரைடைத் தடுத்துவிடுகிறது. எதிர்மின்வாயை நோக்கிய பக்கத்தில் உள்ள கார்பாக்சிலேட் படலம், அங்கு உருவாகும் ஹைட்ராக்சைடு திரும்பிவராமல் காக்கிறது. ஏறத்தாழ 3 வோல்ட் அழுத்தத்தில் ஒருபுறம் குளோரினும், மறுபுறம் ஹைட்ரஜனோடு 32 விழுக்காட்டுக் காரக்கரைசலும் கிடைக்கின்றன.

இக்கால்வாய்களுக்குப் பெரும்பகை உப்போடு வரும் கால்சியமும் மக்னீசியமும் ஆகும். இரட்டை நேர்மின்னூட்டம் உடைய இவையும் சுவரால் ஈர்க்கப்பட்டு உள்ளே நுழைந்து, காரத்தைச் சந்தித்ததும் ஹைட்ராக்சைடாகப் படிந்து வழியை அடைத்துவிடும். அளப் பாத்தியில் உப்பு விளைந்தபின் எஞ்சும் கசப்பு நீரில் மக்னீசியம் மிகுதியாதலால், அந்நீரை நன்கு வடித்த உப்பே ஆலைக்கு உகந்தது. அதன் கரைசலில் சோடியம் கார்பனேட்டும் காரமும் சேர்த்து இவ்வுலோகங்களை வீழ்படிவாக்கி வடிகட்டியபின், சிறப்புப் பிசின் நிரப்பிய தூண்களில் செலுத்தி, இரண்டும் சேர்ந்து நூறு கோடியில் இருபது பங்குக்கும் கீழே இறங்கிய பிறகே கலத்துக்குள் விடுவது வழக்கம்.