பசியின் கணக்கு

இரத்தப் பரிசோதனைச் சீட்டிலே எச்.டி.எல். என்றொரு வரி உண்டு. ‘நல்ல கொழுப்பு’ என்று மக்கள் வழங்குவது அதனையே. இரத்தக் குழாய்ச் சுவரில் படியும் கொலஸ்ட்ரோலை ஈரலுக்கு மீட்டுச் செல்லும் துணிக்கை அது. ஒரு டெசிலீற்றரில் ஆணுக்கு 40 மில்லிகிராமுக்கும் பெண்ணுக்கு 50 மில்லிகிராமுக்கும் குறைந்தால், நீரிழிவுக்கும் மாரடைப்புக்கும் வழிகோலும் அனுசேபக் கோளாற்றின் அறிகுறிகளுள் ஒன்றாக அதனைக் கொள்வர்.

இச் சீட்டோடு வரும் தோட்டத் தொழிலாளியிடம், “எண்ணெயைக் குறை, நன்றாக நட” என்று சொல்லிவிடுதல் எளிது. கூடை சுமந்து நாள் முழுதும் மலைச்சரிவில் ஏறி இறங்குபவளுக்கு அவ்வறிவுரை போதுமா? அவ்வொரு வரிக்குப் பின்னே நீண்ட வரலாறு கிடக்கின்றது.

1948ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பிரேமிங்ஹாம் நகரில் 5,209 ஆண் பெண்களைப் பதிவு செய்து இதயநோய் ஆய்வொன்று தொடங்கிற்று. எச்.டி.எல். குறைந்தோரிடம் அந்நோய் மிகுதி என்பதை 1977இல் உலகுக்கு உணர்த்தியது அவ்வாய்வே. அதே 1948இல்தான், இலங்கைப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அங்கே மக்களின் பெயர் ஏட்டில் ஏறியது. இங்கே ஏட்டிலிருந்து நீங்கியது.

இதன் விளைவு 1973, 1974ஆம் ஆண்டுகளில் வெளிப்பட்டது. உலகச் சந்தையில் தானிய விலை ஏற, கூப்பன் அரிசியும் மாவும் வெட்டப்பட்டன. கிராமத்தவர்க்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமேனும் இருந்தது. லயத்து மக்களுக்கு அதுவும் அரிது. அவர்களுட் பலருக்கு வாக்குரிமையும் இல்லை. 1974இல் தோட்டப்பகுதியின் மரண வீதம் பெரிதும் உயர்ந்தது.

பிழைத்தவரையும் பசி எளிதில் விடுவதில்லை. 1944–45 குளிர்காலத்தில் ஒல்லாந்து மக்கள் பட்டினி கிடந்தனர். அப்போது கருவின் தொடக்க மாதங்களில் இருந்தோரை ஐம்பது வயதளவில் ஆராய்ந்தபோது, நல்ல கொழுப்பை நோக்கத் தீய கொழுப்பின் விகிதம் அவர்களிடம் கூடியிருந்தது. 1974இல் லயத்துத் தாய்மார் சுமந்த பிள்ளைகளும் இன்று ஐம்பதைத் தாண்டிவிட்டனர். அவர்களை நோக்கும் மருத்துவர் உணவைக் கேட்பதோடு பிறந்த ஆண்டையும் கேட்டல் தகும்.

மருந்தால் அவ்வெண்ணை உயர்த்திவிடலாமே எனின், அதுவும் முயன்று பார்க்கப்பட்டதே. டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை வெகுவாக உயர்த்தியது; ஆயினும் அதனை உண்டோரிடையே மரணம் கூடியமையால் 2006இல் பரிசோதனை நிறுத்தப்பட்டது. எண் ஒரு சாட்சி. சாட்சியின் வாக்கை மாற்றினால் குற்றம் தீர்ந்துவிடாது. கருப்பையில் போதா ஊட்டம், மாவையே மலையாக நம்பிய உணவு, வயிற்றில் சேரும் கொழுப்பு, புகைப்பழக்கம் ஆகிய காரணங்களிலேயே கை வைத்தல் வேண்டும்.

எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் பிரசாவுரிமை அளித்தது. பசியின் கணக்கோ இன்னும் தீரவில்லை. 2016ஆம் ஆண்டுக் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர் நாடு முழுவதிலும் நூற்றுக்கு 17, தோட்டங்களிலோ 32. இக்குழந்தைகள் ஐம்பது வயதில் ஏந்தப்போகும் சீட்டு இன்றே எழுதப்படுகின்றது. கர்ப்பிணியின் தட்டில் பருப்பும் முட்டையும், குடும்பத்துக்குச் சொந்தக் காணியும், உழைப்புக்கேற்ற கூலியும் சேர்ந்தாலன்றி அதன் வரிகள் மாறா.