வால்சந்த் ஹிராசந்த்

வால்சந்த் ஹிராசந்த் தோஷி (23 நவம்பர் 1882 – 8 ஏப்ரல் 1953) கப்பல், விமானம், மோட்டார் கார் ஆகிய மூன்று துறைகளிலும் இந்தியர் கையில் பெருந்தொழில் உருவாக வழிகோலியவர். இந்தியப் போக்குவரத்துத் தொழிலின் தந்தை எனப் போற்றப்படுபவர். கட்டுமானம், சர்க்கரை, பொறியியல் ஆகியவற்றிலும் ஈடுபட்டார். டாட்டா, பிர்லா என்ற பெயர்கள் பரவிய அளவுக்கு இவர் பெயர் தமிழ்நாட்டில் பரவவில்லை. இவர் எழுப்பியவற்றுள் பெரியவை பலவும் அரசின் கைக்குப் போய்விட்டதே இதற்கு முதற்காரணம்.

இளமையும் ஒப்பந்தத் தொழிலும்

சோலாப்பூரில், குஜராத்தி பேசும் திகம்பர சமணக் குடும்பத்தில் பிறந்தார். வட்டித் தொழிலும் பருத்தி வணிகமும் குடும்பத் தொழில்கள். பம்பாய் தூய சவேரியார் கல்லூரியிலும் புனே தக்காணக் கல்லூரியிலும் பயின்றார், பட்டம் பெறவில்லை. பரம்பரைக் கடையில் மனம் ஒட்டாமல் ரயில்வே ஒப்பந்த வேலைகளில் இறங்கினார். லட்சுமண் பல்வந்த் ஃபாடக் என்பவர் ரயில்வேயில் எழுத்தராக இருந்துவிட்டு ஒப்பந்தக்காரரானவர். அவரிடம் தொழிலறிவு இருந்தது. வால்சந்திடம் முதலும் துணிச்சலும் இருந்தன. இருவரும் கூட்டுச் சேர்ந்து பார்சி சிற்றிருப்புப் பாதையின் ஒரு பகுதியைப் போட்டுக் கொடுத்தனர். முதற்கூட்டு இவ்வாறு அமைந்தது தற்செயலன்று. தம்மிடம் இல்லாத திறமை யாரிடம் இருக்கிறது என்று பார்த்து, அவரோடு சேர்ந்து தொழில் தொடங்குவது பிற்காலத்திலும் இவருடைய வழக்கமாயிற்று.

பின்னர் டாட்டா கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனியின் பொறுப்பில் இருந்தபோது பம்பாய்–புனே ரயில் பாதைக்காகப் போர்காட் மலையில் சுரங்கங்கள் குடையப்பட்டன. 1926இல் இவருடைய ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன் கம்பெனி தோன்றியது.

கப்பல் தொழில்

இந்தியக் கரையோரத்திலும் ரங்கூன், கொழும்புத் தடங்களிலும் அக்காலத்தில் ஆதிக்கம் செலுத்தியது பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனி. 1914இல் அது பி அண்ட் ஓ நிறுவனத்துடன் இணைந்தது. இரண்டுக்கும் தலைவராக இருந்தவர் இஞ்ச்கேப் பிரபு. போட்டிக்கு யார் வந்தாலும் அவர்களை முறிக்க இந்நிறுவனத்திடம் இரண்டு கருவிகள் இருந்தன. ஒன்று, கட்டணத்தை அடிமட்டத்துக்கு இறக்கிவிட்டு, புதியவர் நொடித்ததும் மீண்டும் ஏற்றிக்கொள்வது. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1906இல் வ.உ. சிதம்பரனார் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனிக்கு எதிராகக் கட்டணமே வாங்காமல் ஆளேற்றும் அளவுக்குப் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனி இறங்கியது. 1911இல் சுதேசிக் கம்பெனி கலைக்கப்பட்டது.

இரண்டாவது கருவி கண்ணுக்குத் தெரியாதது. வணிகர் கட்டிய கட்டணத்தில் ஒரு பங்கைக் கப்பல் கம்பெனி திருப்பித் தரும். ஆனால் உடனே தராது. சில மாதங்கள் கழித்து, இடைக்காலத்தில் ஒரு மூட்டையைக்கூட வேறு கப்பலில் ஏற்றாதவருக்கே தரும். ஒரு தவணை கைக்கு வரும்போது அடுத்த தவணை நிலுவையில் நிற்கும். எனவே, புதுக்கப்பல் பாதிக் கட்டணம் கேட்டாலும், பழைய நிலுவையை இழக்க அஞ்சி வணிகர் அதன் பக்கம் திரும்பமாட்டார். கட்டணக் குறைப்பைவிட இந்த முறையே இந்தியக் கம்பெனிகளை அதிகம் கொன்றது எனலாம்.

இந்நிலையில், 1919இல் குவாலியர் மன்னரிடமிருந்த லாயல்டி என்ற கப்பல் விலைக்கு வந்தது. அக்கப்பலுக்குத் தனிக் கதை உண்டு. 1891இல் இங்கிலாந்தில் கட்டப்பட்டு, எம்ப்ரஸ் ஆஃப் இந்தியா என்ற பெயரில் கனடியன் பசிபிக் நிறுவனத்துக்காகப் பசிபிக் கடலில் ஓடியது. 1893இல் சுவாமி விவேகானந்தர் யோகோஹாமாவிலிருந்து வான்கூவர் சென்றது இக்கப்பலில்தான். முதல் உலகப் போர்க்காலத்தில் இதை வாங்கிய குவாலியர் மன்னர், மருத்துவக் கப்பலாக்கிப் பெயரை மாற்றினார். வால்சந்த், நரோத்தம் மொரார்ஜி, கிலாசந்த் தேவ்சந்த், லல்லுபாய் சாமல்தாஸ் ஆகியோர் அதை வாங்கினர். விற்றவரின் குலப்பெயரையே கம்பெனிக்கும் சூட்டி, சிந்தியா ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியை 27 மார்ச் 1919இல் பதிவு செய்தனர். முதலீட்டாளரிடையே மதிப்பு மிக்க ஆலையதிபரான நரோத்தம் தலைவரானார். ஓடியாடும் வேலைகளை வால்சந்த் ஏற்றார்.

5 ஏப்ரல் 1919இல் பம்பாயிலிருந்து லண்டனுக்கு லாயல்டி புறப்பட்டது. வால்சந்தும் அதில் சென்றார். இந்தியர் உடைமையான பெரிய நீராவிக் கப்பல் வெளிநாட்டுத் தடத்தில் சென்ற இந்நாளே 1964 முதல் தேசியக் கடல்சார் நாளாகக் கொண்டாடப்படுகிறது. ஆனால் வணிகக் கணக்குப்படி அக்கப்பல் வெற்றி பெறவில்லை. வயதான கப்பல், நிலக்கரியை விழுங்கியது. 1923இல் பம்பாயிலேயே அது உடைக்கப்பட்டது. விழா நாளைத் தந்த கப்பல் நான்கே ஆண்டுகளில் பழைய இரும்பாகிப் போனதை விழா மலர்கள் பொதுவாகக் குறிப்பிடுவதில்லை.

எதிர்பார்த்தபடியே கட்டணப் போர் மூண்டது. ரங்கூன் அரிசிக்கான கட்டணம் சரிந்தது. சிந்தியாவையே விலைக்கு வாங்கிவிடவும் முயற்சி நடந்தது. பங்குதாரர்களின் பொறுமை தீருமுன் 1923இல் பிரிட்டிஷ் இந்தியா கம்பெனியுடன் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்று கையெழுத்தாயிற்று. அதன்படி சிந்தியா 75,000 டன்னுக்கு மேல் கப்பல் வைத்துக்கொள்ளக் கூடாது. கரையோரச் சரக்கோடு நிற்க வேண்டும். பயணிகளை ஏற்றக் கூடாது. சொந்த நாட்டுக் கரையில் தொழில் செய்ய அந்நியரிடம் எழுதிக் கொடுத்த அடிமைச் சீட்டு இது. ஆனாலும் கம்பெனி உயிர் பிழைத்தது இதனால்தான். வ.உ.சி.க்குக் கிடைக்காதது இந்த மூச்சுவிடும் நேரமே.

அதன்பின் வால்சந்த் போராட்டத்தைக் கடலிலிருந்து சட்டமன்றத்துக்கு மாற்றினார். கரையோர வணிகத்தை இந்தியக் கப்பல்களுக்கே ஒதுக்க வேண்டும் என்ற கோரிக்கையை, அரசு அமைத்த குழுவே ஏற்றுப் பரிந்துரைத்திருந்தது. அரசு அதைக் கிடப்பில் போட்டு, கப்பல் அதிகாரிகளுக்கான டஃப்ரின் பயிற்சிக் கப்பலோடு (1927) நின்றுகொண்டது. 1928இல் எஸ்.என். ஹாஜி மத்தியச் சட்டசபையில் கொணர்ந்த கரையோர ஒதுக்கீட்டு மசோதா சட்டமாகவில்லை. 1929இல் நரோத்தம் இறந்தபின் வால்சந்த் தலைவராகி 1950 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1930களின் பிற்பகுதியில் ஹஜ் பயணத் தடத்திலும் எல் மதீனா, எல் ஹிந்த் என்ற கப்பல்களை விட்டார்.

விசாகப்பட்டினம்

கப்பல் ஓட்டுபவர் கப்பல் கட்டவும் வேண்டும் என்பது இவர் கொள்கை. கல்கத்தாவில் இடம் கேட்டுக் கிடைக்காததால் விசாகப்பட்டினத்துக்கு வந்தார். 21 ஜூன் 1941இல் ராஜேந்திர பிரசாத் அடிக்கல் நாட்டினார். போர் நடந்துகொண்டிருந்தும், கப்பல் தளத்தைப் போருக்குத் தேவையான தொழிலாக அரசு கருதவில்லை. 6 ஏப்ரல் 1942இல் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன, வேலை தடைப்பட்டது. இத்தளத்தில் கட்டிய 8,000 டன் ஜல உஷாவை, 14 மார்ச் 1948இல் நேரு நீரில் இறக்கினார். 1952இல் தளத்தின் பெரும்பங்கு அரசுடைமையாயிற்று. அதுவே ஹிந்துஸ்தான் ஷிப்யார்டு.

விமானம்

1939இல் பசிபிக் கடலைக் கடக்கும் விமானத்தில் வில்லியம் பாலி என்ற அமெரிக்கரைச் சந்தித்தார். சீனாவில் விமானத் தொழிற்சாலை நடத்தியவர் பாலி. பேச்சு முடியுமுன் இந்தியாவில் அப்படியொன்றைத் தொடங்கும் எண்ணம் வால்சந்துக்குப் பிறந்துவிட்டது. மைசூர் அரசும் திவான் மிர்சா இஸ்மாயிலும் கைகொடுத்தனர். பெங்களூரில் 700 ஏக்கர் நிலம் கிடைத்தது. துளசிதாஸ் கிலாசந்த், தரம்சி முல்ராஜ் கட்டாவ் ஆகியோர் கூட்டாளிகள். 23 டிசம்பர் 1940இல் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் பதிவாகி, அடுத்த ஆண்டே ஹார்லோ பயிற்சி விமானம் ஒன்று பறந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டியதுதான் வேலை; ஆனாலும் பறந்தது. ஜப்பான் நெருங்கியதும், 2 ஏப்ரல் 1942இல் அரசு வால்சந்த் குழுவின் பங்குகளை வாங்கிக்கொண்டது.

மோட்டார் கார்

இத்துறையில் திட்டம் பொறியாளர் மோ. விசுவேசுவரய்யாவுடையது, விடாப்பிடி வால்சந்துடையது. பம்பாயின் காங்கிரஸ் அமைச்சரவை ஆதரவு காட்டியது. 1939இல் அது பதவி விலகியதும் அந்த வழி அடைபட்டது. மைசூர் அரசு முதலிட முன்வந்தபோது இந்திய அரசு குறுக்கே நின்றது. கிரைஸ்லர் நிறுவனத்தோடு உடன்பாடு செய்து, 1944இல் பம்பாய் குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் தொடங்கப்பட்டது. முதல் வண்டி 1947இல் வெளிவந்தது.

தலைமைப் பண்பு

பணமும் அனுமதியும் சேர்ந்தபின் தொடங்குவோம் என்று காத்திருக்காதவர் வால்சந்த். முதலில் அறிவிப்பார், பிறகு முதல் திரட்டுவார், அரசு மறுத்தால் அந்த மறுப்பையே பத்திரிகைச் செய்தியாக்குவார். 1932–33இல் இந்திய வர்த்தகத் தொழிற் சம்மேளனத்தின் தலைவராக இருந்தபோது இந்தப் பழக்கம் நன்கு உதவியது. தேசப்பற்றைத் தம் லாபத்துக்குப் பயன்படுத்தினார் என்று குறை கூறியவர்கள் உண்டு. அவர்கள் எளிதில் மறப்பது ஒன்று: லாபம் மட்டுமே குறி என்றால் இவருக்குச் சர்க்கரையே போதும். நாசிக் மாவட்டத்து ராவல்காவ் பண்ணையும், இந்தாப்பூர் அருகே காலம்பில் தரிசு நிலத்தைக் கரும்புத் தோட்டமாக்கி எழுப்பிய வால்சந்த்நகரும் நல்ல வருமானம் தந்தன. அரசு பிடிவாதம் பிடித்த துறைகளையே தேடிப்போனது இவர் இயல்பு.

அன்றாட நிருவாகத்தில் அவ்வளவு அக்கறை காட்டியவர் அல்லர். ஒரே நேரத்தில் கப்பல் தளம், விமானம், கார் என்று மூன்று முனைகளில் நின்றதால் எதிலும் முழுக்கவனம் செலுத்த முடியாமல் போயிற்று. கணக்கையும் ஆலையையும் தம்பிமார் பார்த்துக்கொண்டனர். தொழிலாளரோடு இவருக்கிருந்த உறவைப் பற்றி வாழ்க்கை வரலாறுகளில் கிடைப்பவை பெரும்பாலும் புகழுரைகளே.

இறுதிக்காலம்

1949இல் பக்கவாதம் தாக்கியது. 1950இல் பொறுப்புகளிலிருந்து விலகினார். மனைவி கஸ்தூர்பாய் உடனிருந்து கவனித்தார். குஜராத்தின் சித்பூரில் காலமானார். கரையோர வணிகம் இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்கப்பட்டது விடுதலைக்குப் பிறகுதான். அதைப் பார்த்துவிட்டே மறைந்தார்.

சிந்தியா கம்பெனி பிற்காலத்தில் நலிந்தது. பிரீமியரின் பத்மினி கார் உற்பத்தி நின்று, மும்பையின் கடைசிப் பத்மினி டாக்சி 2023இல் ஓய்வுபெற்றது. ராவல்காவ் பண்ணை நிறுவனத்தின் மிட்டாய் வணிகப் பெயர்கள் 2024இல் ரிலையன்ஸுக்கு விற்கப்பட்டன. ஹிந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்ஷன், வால்சந்த்நகர் இண்டஸ்ட்ரீஸ் இரண்டும் இயங்கிவருகின்றன. சாங்லி, சோலாப்பூர் ஆகிய ஊர்களில் இவர் பெயரில் பொறியியல் கல்லூரிகள் உள்ளன. 2004இல் அஞ்சல் தலை வெளியிடப்பட்டது.