தோழியும் தலைச்சுற்றும்

இலங்கையில் பலருக்குத் தெரிந்த கருத்தடை மாத்திரை 'மிதுரி'. சிங்களத்தில் தோழி என்று அர்த்தம். பெயர் நல்லாத்தான் இருக்கு. ஆனால் கண்டி டவுன் பாமசி ஒன்றில் எங்கள் சிநேகிதி, வேறொரு பிராண்டை வாங்கும்போது, "இதக் குடிச்சா தலை சுத்துமா?" என்று கேட்டாள். பெட்டியைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். பதில் இல்லை.

அதே கேள்விக்கு 1956இல் தொடங்கிய புவர்ட்டோ ரிக்கோ பரிசோதனையிலேயே பதில் கிடைத்தது. குமட்டல், தலைச்சுற்று, தலையிடி, வாந்தி: 17 வீதமான பெண்களுக்கு இப்படி என்று டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே எழுதினார். ஆய்வை நடத்திய கிரகரி பிங்கஸோ, பெரும்பாலும் மனசுதான் காரணம் என்றார். (எங்களுக்கும் பழகிய பதில்தான்.) 1960இல் அமெரிக்கா அனுமதித்தது. இரத்தக்கட்டி ஆபத்து பிறகுதான் வெளியே வந்தது. 1970 செனட் விசாரணைக்கு மாத்திரை குடித்த ஒரு பெண்ணைக்கூட சாட்சியாகக் கூப்பிடவில்லை. சபையிலிருந்த பெண்கள் எழும்பிக் கத்தினார்கள். அதற்குப் பிறகே பெட்டிக்குள் எச்சரிக்கைத் துண்டு வந்தது.

முதல் மாத்திரையில் ஈஸ்ட்ரஜன் 150 மைக்ரோகிராம். இன்று பெரும்பாலும் 20 முதல் 35. குமட்டல் பொதுவாக மூன்று மாதத்தில் அடங்கும். கட்டி அபூர்வம். ஆனால் பிரஷர், கண் மின்னும் ஒற்றைத் தலைவலி, 35 வயதுக்குமேல் சிகரெட் என்றால் டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டும்.

சிநேகிதியின் பெட்டிக்குள்ளும் துண்டு இருந்தது. பொடி எழுத்து, முழுக்க இங்கிலிஷ். ஹொஸ்டலில் ஆளுக்கொரு பந்தியாகத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தோம்.