தகரக் கூரையும் ஐந்து நட்சத்திரமும்

2011 ஜூலையில் மலேசிய அரசு மின்சாரச் சிக்கனத்துக்காக 'சேவ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. ஐந்து நட்சத்திர முத்திரை பெற்ற குளிர்பதனப் பெட்டி வாங்கினால் 200 ரிங்கிட் கழிவு. அதே தரத்து ஏர்கோன் வாங்கினால் 100 ரிங்கிட் கழிவு. ஒரு லட்சம் பெட்டிகளுக்கும் 65,000 ஏர்கோன்களுக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. பத்தாண்டு கழித்து, 2021இல், நான்கு நட்சத்திரமும் போதும் என்று தளர்த்தி, 200 ரிங்கிட் கழிவாக அது திரும்பி வந்தது. 2024இல் 400 ரிங்கிட் வரை உயர்ந்தது. குளிர்நாடுகளில் வீட்டைச் சூடாக்கும் கருவிக்கும் இப்படிக் கழிவு உண்டு. மலேசியாவின் உள்நாட்டு ஊரான பகாவில் அதற்கு வேலை இல்லை. பகாவைச் சுற்றிய தோட்டங்களில் வேண்டுமென்றே சூடாக்கப்பட்ட கட்டடம் ஒன்றுதான்: உறைந்த ரப்பர் பாலை உருட்டித் தகடாக்கித் தொங்கவிட்ட புகைக்கூடம். அதற்கு விறகு கணக்குப் பார்த்துப் போட்டார்கள், சூடு ஏறாமலும் இறங்காமலும் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தார்கள். ஆட்கள் குடியிருந்த வரிசை வீடான லயத்துக்கு அந்தக் கவனிப்பு கிடையாது. இந்த வேறுபாடு தற்செயலாக வந்ததன்று என்பதே என் வாதம். இந்த வட்டாரத்துக்கு மேம்பாட்டுக் கழிவு புதிதே அல்ல. நூறாண்டுக்கு மேலாக அது வெவ்வேறு பெயரில் வந்துகொண்டேதான் இருந்தது. குடியிருப்பவனின் கூரைக்கு மட்டும் வரவில்லை.

கெமாஸிலிருந்து பகாவுக்கு ரயில் வந்தது 1910இல். அதற்கு மூன்றாண்டு முன்பே, 1907இல், தமிழர் குடியேற்ற நிதி என்ற ஒன்றை மலாயா அரசு ஏற்படுத்தியிருந்தது. இந்திய ஆட்களை வைத்து வேலை வாங்கும் முதலாளிகள் எல்லாரும் அதில் பணம் கட்ட வேண்டும். அந்தப் பணத்திலிருந்து நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறும் தொழிலாளியின் பயணச் செலவு கொடுக்கப்பட்டது. ஆள் கொண்டுவந்த கங்காணிக்குப் படியும் போனது. கணக்கை உற்றுப் பார்த்தால் இது ஒரு கழிவுத் திட்டம்தான்: எல்லாரும் வரி கட்டுகிறார்கள், யார் புதிதாக ஆள் இறக்குகிறாரோ அவருக்குச் செலவு குறைகிறது. 1938இல் இந்திய அரசு தடை போடும்வரை இந்த ஏற்பாடு நடந்தது. ரயில் வந்த பகாவ் காட்டில் மரம் நட்ட துரைமார் அதன் பலனை நேராகவே பெற்றார்கள். டன்லப் கம்பெனியின் பெருந்தோட்டமாக வளர்ந்த கெடிஸ் இந்தப் பகுதியில்தான் இருக்கிறது. 1920களிலும் 30களிலும் அந்தக் கம்பெனியின் தலைவராக இருந்தவர் பெயரும் சர் எரிக் கெடிஸ்தான். ஆள் வந்து இறங்கியபின் அவன் எங்கே படுத்தான் என்பதற்கு அந்த நிதியில் தனிக் கணக்கு இல்லை.

இரண்டாவது கழிவு இன்னும் துல்லியமானது. 1952இல் ரப்பர் மறுநடவு நிதிச் சட்டம் வந்தது. ஏற்றுமதியாகும் ரப்பர் இராத்தல் ஒன்றுக்கு நாலரை காசு தீர்வை. பழைய மரத்தை வெட்டிவிட்டு அதிகப் பால் தரும் ஒட்டுரகம் நட்டால், தோட்டம் கட்டிய தீர்வை அதற்கே திரும்பி வரும். பழைய கருவியை ஒழித்துவிட்டுத் திறன் மிகுந்த புதியதை வை, பணத்தைத் திருப்பித் தருகிறோம் என்று இன்று ஏர்கோனுக்குச் சொல்வதை அன்று மரத்துக்குச் சொன்னார்கள். திட்டம் வென்றது என்பதில் ஐயமில்லை. மலாயாவின் விளைச்சல் அதனால்தான் ஏறியது, செயற்கை ரப்பரோடு போட்டி போடவும் முடிந்தது. அதைக் குறை சொல்ல எனக்குக் காரணமில்லை. ஆனால் மரத்தின் கீழே பால் வெட்டியவனின் லயம் அதே ஏட்டில் ஒரு வரியாகக்கூட ஏறவில்லை. வீடு மேம்பட்டால் இராத்தல் கூடுமா என்று கேட்டால் அதற்குக் கணக்குக் காட்ட முடியாது. கழிவு எப்போதுமே கணக்குக் காட்டக்கூடிய பொருளைத்தான் தேடிப் போகிறது.

அந்த லயத்தைப் பற்றிச் சொல்லும்போது அத்தாப்பு ஓலைக் கூரைக்காக ஏங்குவது நம்மவர்களுக்கு ஒரு பழக்கமாகிவிட்டது. அத்தாப்பு குளிர்ச்சிதான். ஓலைக்கும் ஓலைக்கும் நடுவே அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது, இடுக்குகளின் வழியாகப் புழுக்கம் மேலே போய்விடும். ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். எலியும் பூரானும் குடியேறும். ஒரு வீட்டு அடுப்பிலிருந்து பொறி பறந்தால் வரிசை முழுதும் சாம்பல். நல்ல அத்தாப்பு தரும் நீப்பா கடலோரச் சேற்றில் வளர்வது. உள்நாட்டுப் பகாவுக்கு அது தூரத்துப் பொருள். தகரமோ ரயிலில் கட்டுக்கட்டாக வந்தது, இருபது முப்பது ஆண்டு உழைத்தது. தோட்ட நிர்வாகம் தகரத்தைத் தேர்ந்தெடுத்ததைக் கொடுமை என்று சொல்ல முடியாது. பழுதுபார்க்கும் செலவு நிர்வாகத்தின் தலையில், புழுக்கம் குடியிருப்பவன் தலையில் என்று இருந்தால், எந்தக் கணக்குப்பிள்ளையும் அதைத்தான் தேர்ந்தெடுப்பான். உச்சி வெயிலில் தகரம் 60 பாகையைத் தாண்டும். கீழே அட்டம் என்ற உட்கூரை இல்லாத அறையில் அந்தச் சூடு தலையில் நேராக இறங்கும். அட்டத்துக்குப் பலகை அடித்திருந்தால் பாதி தீர்ந்திருக்கும். யார் அடிப்பது? வீடு தோட்டத்தினுடையது என்பதால் தொழிலாளி அடிக்க மாட்டான். வேலை நின்றால் வீடும் போய்விடுமே. நிர்வாகமும் அடிக்காது, அதற்கு வியர்க்கவில்லை.

சட்டம் சும்மா இருக்கவில்லை. 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்திலிருந்தே வீடு கொடுப்பது முதலாளியின் கடமை. 1966இல் குறைந்தபட்ச வீட்டுவசதிச் சட்டமும், அதற்குப் பதிலாக 1990இல் 446ஆம் சட்டமும் வந்தன. குழாய்த் தண்ணீரும் போதிய மின்சாரமும் கடமைப் பட்டியலில் ஏறின. அதுவரை பல தோட்டங்களில் மின்சாரம் என்றால் தோட்டத்து எஞ்சின்தான்: மாலையில் இருட்டியதும் ஓடும், இரவு முன்னேரத்திலேயே நின்றுவிடும். விசிறி தேவைப்படுவதோ அதற்குப் பிறகுதான், தகரம் பகலில் குடித்ததை விடிய விடிய உமிழும்போது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, நிற்க வேண்டியவனின் தூக்கம் அந்த நேரத்தில்தான் கெட்டது.

பொது மின்கம்பி வந்தபின் நிலைமை மாறியது என்று சொல்லலாம், மாறியதும் உண்மை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த 1980களிலும் 90களிலும் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல மலிவுவிலை வீடுகளுக்குப் போயின. 1982இல் அரசு விலை வரம்பு போட்ட, 25,000 ரிங்கிட் வீட்டு வகை அது. அங்கேதான் வீடு, மீட்டர், கட்டணம் மூன்றும் முதல்முறையாக ஒரே பெயரில் வந்தன. கழிவு அவர்களை எட்டியிருக்க வேண்டும். ஆனால் இன்னொரு கழிவு குறுக்கே நின்றது. 2008 முதல், மாதக் கட்டணம் 20 ரிங்கிட்டுக்குள் இருந்தால் அதை அரசே கட்டியது. பின்னர் பரம ஏழைகளுக்கு 40 ரிங்கிட் வரை. முதல் 200 யூனிட்டுக்கு யூனிட் 21.80 காசு என்ற அன்றைய விலையில், 20 ரிங்கிட் என்பது 91 யூனிட். ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் மணிக்கு முக்கால் யூனிட் இழுப்பதாக வைத்து, இரவு எட்டு மணி நேரம் ஓட்டினால் மாதம் 180 யூனிட். ஆக, 100 ரிங்கிட் கழிவை நம்பி ஏர்கோன் வாங்கும் ஏழை வீட்டில் பூஜ்யமாக இருந்த கட்டணம் அடுத்த மாதம் 60 ரிங்கிட்டைத் தாண்டும். ஒரு கை கொடுத்ததை இன்னொரு கை இரண்டே மாதத்தில் வாங்கிக்கொள்ளும். மின்விசிறிக்கோ, 2013இல் கட்டாயத் திறன் அளவும் நட்சத்திரமும் வந்தும், 2021இல்கூடக் கழிவு கிடைக்கவில்லை. தோட்டத்து மக்களின் குளிர்கருவி அது ஒன்றுதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. 'சேவ்' திட்டத்தின் நோக்கம் மின்சாரத்தை மிச்சப்படுத்துவது, ஏழைகளுக்குக் குளிர்ச்சி தருவது அல்ல; கொஞ்சமாகச் செலவழிப்பவரிடம் மிச்சப்படுத்த என்ன இருக்கிறது? சரிதான். 91 யூனிட் செலவழிப்பவரிடம் பிடுங்க ஒன்றுமில்லை. ஆனால் இதை ஒப்புக்கொண்டால், வெயிலை இதுவரை தோலால் தாங்கியவர் அப்படியே தாங்கட்டும், ஏற்கெனவே குளிர்ந்த வீட்டுக்கே உதவி என்றுதான் முடியும். மறுநடவு நிதியின் தர்க்கமும் இதுவே. இன்னொரு மறுப்பும் உண்டு: கருவிக்குக் கழிவு கொடுத்தால் கடைச் சீட்டைப் பார்த்துச் சரிபார்க்கலாம், கூரைக்குக் கொடுத்தால் எப்படி? ஆஸ்திரேலியாவில் 2009இல் வீட்டு அட்டத்துக்கு வெப்பத்தடுப்பு போட அரசு பணம் கொடுத்தது. பயிற்சியில்லாத ஆட்களை அவசரமாக ஏற்றியதில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் திட்டத்தையே மூட வேண்டியதாயிற்று. இது சின்ன எச்சரிக்கை அல்ல. ஆனால் அங்கே கெட்டது வேகமும் மேற்பார்வையும். கூரையில் பணம் போட வேண்டும் என்ற எண்ணம் கெடவில்லை. முதலாளியின் கடமைக்கு மக்கள் வரிப்பணமா என்று கேட்பவர்களுக்கும் விடை எளிது: தோட்ட வீட்டுக்குக் கழிவே வேண்டாம். தண்ணீரும் மின்சாரமும் கடமையானதுபோல் அட்டமும் கடமையாகட்டும். கழிவு மலிவுவிலை வீட்டுக் கூரைக்குப் போகட்டும்.

446ஆம் சட்டம் 2019இல் திருத்தப்பட்டு 2020 ஜூனில் தோட்டங்களுக்கு வெளியேயும் நீண்டது. பகாவ் தோட்டங்களில் இப்போது செம்பனைக் குலை தள்ளுபவர்களில் வெளிநாட்டார் நிறைய. தமிழர் விட்டுப்போன லயங்களில் அவர்கள் படுக்கிறார்கள். 2021ஆம் ஆண்டுக் கழிவு வீட்டு மின்கணக்கு ஒன்றுக்கு ஒன்று என்று கொடுக்கப்பட்டது. லயத்தில் படுப்பவர் பெயரில் மின்கணக்கு இல்லை.