கையுயர்த்தும் சபை

மன்னனும் மனிதனே, மடியப் பிறந்தவனே. குடிமக்களின் மனச்சான்றின்மீது அவனுக்கு எந்த அதிகாரமும் இல்லை என்று மன்னனுக்கே எழுதும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? 1612 இல், இங்கிலாந்தில், தாமஸ் ஹெல்விஸ் என்பாருக்கு வந்தது. அரியணையில் இருந்தவன் முதலாம் ஜேம்ஸ். ஆயர் இல்லையேல் அரசன் இல்லை என்று நம்பியவன். அவனுக்கென ஒதுக்கிய தம் நூற்படியில் ஹெல்விஸ் கைப்பட எழுதிய கருத்து அது. யூதரையும் இசுலாமியரையும், மதப்புரட்டர் எனத் தூற்றப்படுவோரையும்கூட நம்பிக்கைக்காக அரசு தண்டிக்கலாகாது என்றது அந்நூல். பரிசு? நியூகேட் சிறை! 1616 க்குள் அவர் வாழ்வு முடிந்தது.

யார் இவர்? ஆம்ஸ்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த ஆங்கிலேயருள் ஒருவர். 1609 இல் அக்குழுவின் தலைவர் ஜான் ஸ்மித், குழந்தைக்குத் தெளிக்கும் நீர் திருமுழுக்காகாது, அறிந்து ஏற்பவனுக்கே அது உரியது என்றார். சரி, முழுக்குத் தரத் தகுதியுடையவர் யார்? தேடிப் பார்த்தார், எவருமில்லை! எனவே தமக்குத் தாமே கொடுத்துக்கொண்டு, பிறகு ஹெல்விசுக்கும் ஏனையோருக்கும் கொடுத்தார். நகைப்புக்கு இடமாகத் தோன்றலாம். ஆயினும், பிறப்பால் மதம் என்னும் பேச்சுக்கு அது வைத்த வேட்டு சிறிதன்று. தொட்டிலில் கிடக்கும் குழந்தை எந்தச் சபைக்கும் உரியதன்று. வளரட்டும், எண்ணட்டும், பின் முடிவு செய்யட்டும் என்பதன்றோ அதன் பொருள்!

அடிப்படை அதுவெனில் ஆட்சி எப்படி? பாப்டிஸ்டுகளிடையே ஒவ்வொரு சபையும் தனியரசு. மேலே போப்பில்லை, பேராயரில்லை. உறுப்பினர் கூடும் கூட்டமே சட்டமன்றம், அதுவே வழக்குமன்றம். சேர விரும்புவோர் தம் நம்பிக்கையைக் கூட்டத்தின்முன் எடுத்துரைப்பர். ஏற்பதும் மறுப்பதும் உறுப்பினரே. போதகரை அனுப்பிவைக்க மேலிடம் ஏதுமில்லை. சபையே தேடும், சபையே அழைக்கும், பிடிக்காவிடில் அதே சபை வழியனுப்பியும் வைக்கும். உதவிக்காரர் தேர்வும், காணிக்கைக் கணக்கும், கட்டடம் விற்பதும் வாங்குவதும் கையுயர்த்தலில் முடியும். செருப்புத் தைப்பவனுக்கும் ஒரு வாக்கு, செல்வச் சீமானுக்கும் ஒரு வாக்கு. பெண்களுக்கோ? அங்கேதான் சபைக்குச் சபை வழக்கம் வேறுபட்டது. சபைகள் பல சங்கமாகக் கூடுவதுண்டு. ஆனால் சங்கம் அறிவுரை கூறலாம், ஆணையிட இயலாது.

நம்பிக்கையை வரையறுப்பதும் அவ்வாறே. 1644 இல் லண்டனின் ஏழு சபைகள் இணைந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. தங்கள்மீது வீசப்பட்ட பழிகளை மறுக்க எழுந்தது அது. அதன் முடிவில், தாங்கள் அறிந்தது சிறிதே, அறியாதது பல என ஒப்புக்கொண்டு, மறைநூல் காட்டித் திருத்துவோர்க்கு நன்றி கூறவும் முன்வந்தனர். மறைநூல் என்னும் வேலியைத் தாண்ட அவர்கள் துணியவில்லை என்பது மெய்தான். எனினும், தம் கொள்கையறிக்கையிலேயே குறை இருக்கலாமென்று எழுதிவைத்த மதத்தாரை நாம் அதிகம் கண்டதில்லை.

ஆனால் வாக்கு மட்டும் நீதியாகிவிடுமா? 1845 இல் அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்து அகஸ்டா நகரில், தென்னகப் பாப்டிஸ்டுகள் தனி மாநாடு கண்டனர். காரணம் என்ன? அடிமைகளை வைத்திருப்போரை மறைப்பணியாளராக அமர்த்த மறுத்தன பொது அமைப்புகள். மனச்சான்றின் உரிமைக்காகச் சிறைபுகுந்தவரின் மரபைச் சொந்தம் கொண்டாடியோர், மனிதனை விலைக்கு வாங்கும் உரிமைக்காகப் பிரிந்தனர்! முறைப்படி கூடி, முறைப்படி வாக்களித்தே பிரிந்தனர். அடிமைமுறையை ஆதரித்ததற்கு மன்னிப்புக் கோரி அவர்கள் தீர்மானம் நிறைவேற்றியது 1995 இல். இடையே ஓடியவை 150 ஆண்டுகள்.

அம்மாநாடு 1925 இல் நம்பிக்கை அறிக்கை ஒன்றை ஏற்றது. 1963 இலும் 2000 இலும் அதனைத் திருத்தியது. 2000 ஆம் ஆண்டுத் திருத்தம், போதகர் பதவி ஆடவர்க்கே என்றது. அறிக்கையாகப் பிறந்தது ஆணையாக வளர்ந்த கதை இது. பெண்களைப் போதகராக்கிய கலிபோர்னியாவின் சேடில்பேக் சபை 2023 இல் வெளியேற்றப்பட்டது. ஆனால் அச்சபையின் கட்டடத்தைப் பறிக்க மாநாட்டால் முடியவில்லை, போதகரை நீக்க முடியவில்லை. உறவை அறுத்துக்கொள்ள மட்டுமே முடிந்தது. அத்தகைய சபைகளுக்கு இடமில்லை என்று மாநாட்டின் சட்டத்திலேயே எழுதிவிட முயன்றனர் சிலர். 2024 இலும் 2025 இலும், வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு வாக்குக் கிடைக்காமல் அம்முயற்சி தோற்றது.