சி. பி. முத்தம்மா

சோனிரா பெல்லியப்பா முத்தம்மா (24 ஜனவரி 1924 – 14 அக்டோபர் 2009) இந்தியாவின் முன்னோடித் தூதர்களில் ஒருவர். குடிமைப் பணித் தேர்வில் வெற்றி பெற்ற முதல் பெண், இந்திய வெளியுறவுப் பணியில் (ஐ.எஃப்.எஸ்.) சேர்ந்த முதல் பெண், அப்பணியில் படிப்படியாக உயர்ந்து தூதரான முதல் பெண் என்ற சிறப்புகள் இவருக்கு உண்டு. பெண் அதிகாரிகளுக்கு மட்டும் விதிக்கப்பட்ட திருமணக் கட்டுப்பாடுகளை எதிர்த்து, பணியில் இருந்தபடியே இவர் தொடுத்த வழக்கு இந்தியச் சட்ட வரலாற்றில் நிலைபெற்றது.

இளமையும் கல்வியும்

குடகுப் பகுதியின் விராஜ்பேட்டையில் கொடவர் குடும்பத்தில் பிறந்தார். வனத்துறை அதிகாரியான தந்தை, முத்தம்மாவின் ஒன்பதாம் வயதில் காலமானார். பிள்ளைகளைப் படிக்கவைத்து ஆளாக்கியவர் தாயார். மடிக்கேரியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக்கு வந்து, மகளிர் கிறித்துவக் கல்லூரியில் பட்டமும் மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

வெளியுறவுப் பணி

1948இல் தேர்வில் வென்ற முத்தம்மாவை, வெளியுறவுப் பணி பெண்களுக்கு ஏற்றதல்ல என்று கூறி நேர்முகத் தேர்வுக் குழு தடுக்க முயன்றது. அவர் தம் விருப்பத்தை மாற்றிக்கொள்ளாமல் 1949இல் பணியில் சேர்ந்தார். திருமணம் செய்துகொண்டால் பதவி விலகுவதாக அப்போது அவரிடம் உறுதிமொழி எழுதி வாங்கப்பட்டது.

பாரிஸ், ரங்கூன், லண்டன் ஆகிய நகரங்களிலும் டெல்லியில் வெளியுறவு அமைச்சகத்திலும் பணியாற்றினார். விஜயலட்சுமி பண்டிட் 1947இலேயே சோவியத் ஒன்றியத்துக்குத் தூதராகச் சென்றிருந்தாலும், அது அரசியல் நியமனம். பணித்துறைக்குள்ளிருந்து ஒரு பெண் தூதராக 1970 வரை ஆனது. அந்த ஆண்டில் முத்தம்மா ஹங்கேரித் தூதராக நியமிக்கப்பட்டார். பின்னர் கானாவிலும் நெதர்லாந்திலும் இந்தியாவின் பிரதிநிதியாக இருந்தார்.

1979 வழக்கு

முதல் நிலைப் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது, தாம் பெண் என்பதே அதற்குக் காரணம் என்று கூறி முத்தம்மா உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1961ஆம் ஆண்டின் இரு விதிகளையும் எதிர்த்தார். பெண் அதிகாரி மணம் புரிவதற்கு முன் அரசிடம் எழுத்துமூலம் அனுமதி பெற வேண்டும், குடும்பப் பொறுப்புகள் பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் அவர் பதவி விலக வேண்டிவரும் என்றது ஒரு விதி. மணமான பெண் இப்பணியில் நியமனத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது மற்றொன்று. ஆண் அதிகாரிகளுக்கு இத்தகைய நிபந்தனை ஏதும் இல்லை.

வழக்கு நிலுவையில் இருந்தபோதே அரசு அவருக்குப் பதவி உயர்வு அளித்தது. ஒரு விதி ஏற்கெனவே நீக்கப்பட்டுவிட்டது, மற்றதும் நீக்கப்படுகிறது என்று நீதிமன்றத்தில் தெரிவித்தது. ஆகவே 1979 செப்டம்பரில் மனு தள்ளுபடியானது. ஆனால் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் எழுதிய தீர்ப்பு அதோடு நிற்கவில்லை. குடும்பக் கடமை பணியைப் பாதிக்கும் என்றால் அது ஆணுக்கும் பொருந்துமே என்று கேட்டது. எல்லாத் தொழில்களிலும் எல்லாச் சூழல்களிலும் இருபாலரும் சமம் என்று பொதுவாக்கவில்லை என்ற வரையறையையும் சேர்த்துக்கொண்டது. முத்தம்மாவின் பணிமூப்பை மறுபரிசீலனை செய்யவும், பால் பாகுபாட்டின் கறை படிந்த பணி விதிகள் அனைத்தையும் அரசு தானாகவே சீரமைக்கவும் வலியுறுத்தியது. மனு தள்ளுபடியான போதிலும், அதில் அவர் கேட்ட நீதி பெரும்பாலும் கிடைத்துவிட்டது.

பிற்காலம்

1982இல் ஓய்வு பெற்றார். சுவீடன் தலைவர் ஓலோஃப் பால்மே தலைமையில் அமைந்த, ஆயுதக் குறைப்பு குறித்த சுதந்திர ஆணையத்தில் இந்திய உறுப்பினராக இருந்தார். தம் பணியனுபவக் கட்டுரைகளை ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டதோடு, கொடவர் சமையல் நூல் ஒன்றின் ஆக்கத்திலும் பங்கேற்றார். 85ஆம் வயதில் பெங்களூரில் மறைந்தார்.

முக்கியத்துவம்

2001இல் சோகிலா ஐயர் இந்தியாவின் முதல் பெண் வெளியுறவுச் செயலரானார். நிருபமா ராவ், சுஜாதா சிங் ஆகியோரும் பின்னர் அப்பொறுப்பை வகித்தனர். பணி, திருமணம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்குமாறு, வழக்குக்குப் பின் பணியில் சேர்ந்த பெண்களை எந்த விதியும் கட்டாயப்படுத்தவில்லை. தம் பதவி உயர்வுக்காக மட்டும் வாதாடாமல், விதிகளையே கேள்விக்கு உள்ளாக்கிய முத்தம்மாவின் துணிவுக்கு இம்மாற்றத்தில் பெரும் பங்கு உண்டு.